இல்லாத இசையைக் கேட்டவன்

மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஏழு பேர் கூடி, அந்த மாதம் பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றில் நான் கதையையே முழுக்கச் சொல்லி முடித்தேன். மற்றொன்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற சண்டையிலேயே கலைந்தது.

ஆகவே மூன்றாவது மாதம் ஒரு விதி வகுத்தோம். படம் நன்று, நன்றன்று என்று யாரும் தொடங்கக் கூடாது; திரையில் கண்ட அல்லது கேட்ட ஏதேனும் ஒன்றைச் சொல்லித்தான் கருத்துக்கு வர வேண்டும். எடுத்துக்கொண்ட படம், பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024 ஆகஸ்டில் வெளியான ‘கொட்டுக்காளி’. வேறொருவரைக் காதலித்த மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் உறவினர்களும் ஆட்டோவிலும் இருசக்கர வாகனங்களிலும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்லும் ஒரு நாள் பயணம்தான் கதை.

என் முறை வந்தபோது, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைப் பெருமையுடன் வாசித்தேன்: “மீனா வாய் திறக்காமல் ஆட்டோவில் அமர்ந்திருக்கும் இடங்களில் பின்னணி இசை மனத்தைப் பிசைகிறது.” எதிரில் இருந்த, தாமே ஆட்டோ ஓட்டும் நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணே, அந்தப் படத்துல பின்னணி இசையே கிடையாதே.”

அன்றிரவே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எஞ்சினின் இரைச்சல், காற்று, சேவலின் கொக்கரிப்பு, தொண்டை கட்டிப்போன பாண்டியின் கரகரத்த குரல் ஆகியவற்றைத் தவிர மனத்தைப் பிசைய அங்கே எந்த வயலினும் இல்லை. படம் பார்த்து இரண்டு நாள் கழித்துக் குறிப்பு எழுதியதும், சோகக் காட்சி என்றால் வயலின் வரும் என்று பல ஆண்டுகளாகப் பழகிய காதும் சேர்ந்து, நானே ஓர் இசையமைப்பாளராகிவிட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் படம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடுகிறேன்.

அன்றைய கூட்டத்தில் சிறந்த கருத்தைச் சொன்னவர் எங்களில் எவரும் அல்லர்; சுண்டல் கொண்டுவந்த நண்பரின் தாயார். சாலையை மறித்து நிற்கும் காளையைக் கண்டு ஆண்கள் அனைவரும் மிரண்டு நிற்க, ஒரு சிறுமி வந்து அதை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிச் செல்லும் காட்சியைக் குறிப்பிட்டு, “அந்தப் பிள்ளையும் பெரியவளானா இதே ஆட்டோவுலதான ஏத்துவாங்க?” என்று கேட்டார். அதன் பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை. முடிவைத் திறந்தே விட்டது ஏமாற்றம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்கூடத் தம் வாதத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தார். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு என்பதுதான் என் எண்ணம். பாண்டியின் மனமாற்றத்துக்கு இன்னும் சிறிது நேரம் தந்திருக்கலாம்.

அடுத்த மாதத்துக்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) முடிவாகியிருக்கிறது. அதில் பாடல்கள் இல்லை. ஆனால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இசை உண்டு. இம்முறை நோட்டில் ஒலிக்கென்று தனியாக ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன்.