வேளாங்கண்ணிக்கு முன்னால் கொள்ளிடக் கரை

காவிரி டெல்டாவில் கத்தோலிக்கம் வளர்ந்த தடத்தைப் பார்க்க வருகிறவர்கள் நேரே வேளாங்கண்ணியில் போய் இறங்குகிறார்கள். புயலில் தப்பி அங்கே கரையேறிய போர்த்துக்கீசியக் கப்பல் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேற்கே தொடங்கிக் கடலுக்கு வாருங்கள். கதை அப்போதுதான் முழுசாக விளங்கும்.

முதலில் மாதா கோயில் இருக்கும் பூண்டி. தஞ்சையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போனால் பக்கம்தான். அடுத்து தஞ்சை–அரியலூர் சாலையில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி. இரண்டு ஊரும் 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஊழியம் செய்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் இத்தாலியக் குரு வீரமாமுனிவரின் பெயரைச் சொல்பவை. காவி கட்டினார், இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடினார். அப்போது தஞ்சையில் மராத்தியர் ஆட்சி. அங்கே கிறிஸ்தவர்களுக்குக் கெடுபிடி வந்தால் ஆற்றைக் கடந்தால் போதும், அக்கரை அரியலூர் மழவராயர் பாளையம். ஏலாக்குறிச்சியில் இருப்பவள் அடைக்கல மாதா. மழவராயரின் நோய் தீர்ந்ததால் அவர் நிலம் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. ஐரோப்பியப் படை எதுவும் இல்லாத இடத்தில் சபை வேர்விட்டது இப்படித்தான்.

சாதியும் கூடவே வந்தது. மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று இயேசு சபையாரின் மதுரை மிஷன் தனித்தனியே வைத்திருந்தது. சில ஊர்களில் கல்லறைகூட இன்னும் தனித்தனி. இதைப் பேசாமல் வளர்ச்சியை மட்டும் பேசுவது நியாயமில்லை.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும் குருக்கள் குறைந்தார்கள். சபை மீண்டும் உயிர்பெற்ற பின் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரிதான், 1883இல் திருச்சிக்குப் போன புனித வளனார் கல்லூரி. 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி, வந்தது. வேளாங்கண்ணியோ போர்த்துக்கீசிய உரிமையிலிருந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்தோடு இருந்து, 1952இல்தான் தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்குள் வந்தது. பத்து ஆண்டில், 1962இல், போப்பாண்டவர் தரும் சிறப்புத் தகுதி பெற்ற பேராலயமாக, பசிலிக்கா ஆனது.

வேளாங்கண்ணியில் பீடத்தை நெருங்கிப் பாருங்கள். கப்பலில் வந்த பீங்கான் தட்டுகள், அவற்றில் விவிலியக் காட்சிகள். நடுவில் பட்டுப்புடவை கட்டிய மாதா. கொடியேற்றம், தேர், மொட்டை, தொட்டில் கட்டுவது எல்லாம் டெல்டாக்காரர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வழிபாடு. அதனால்தான் இந்துக்களும் தயங்காமல் வருகிறார்கள்.

கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. பெரிய தேர் 7ஆம் தேதி இரவு. அன்றைக்கு அறை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். நாகையில் தங்கி 12 கிலோமீட்டர் வருவது மேல். நடைபயணமாக வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு தாரில் நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும். விடியலிலும் மாலையிலும் நடங்கள். இருட்டில் பின்னால் வரும் லாரிக்குத் தெரிய, பையில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பழைய மாதா குளத்துக்கு மணலில் முழங்காலிட்டுப் போகிற நேர்ச்சை இருந்தால், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.