நாலு சலங்கை மணியும் ஒரு உருக்குக் குண்டும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் பௌதிக ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ரொறன்ரோவில் என் கராஜில் நான் செய்த கம்பிப் பாதைச் சிற்பங்களில் இப்போது உருண்டுகொண்டிருக்கும் உருக்குக் குண்டுகள் அங்கேயிருந்து புறப்பட்டவைதான்.

நாங்கள் உயர்தரம் படித்தது 1991, 92இல். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி. ஆய்வுகூடத்து ரிக்கர் ரைமர் (ஓடும் நாடாவில் சம நேரத்துக்கு ஒரு புள்ளி குத்தும் கருவி) கரண்ட் இல்லாமல் அலுமாரிக்குள் கிடந்தது. ஆர்முடுகலை, அதாவது வேகம் கூடிக்கொண்டு போவதை, எப்படிக் காட்டுவது? எங்கள் சேர் (பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன்) தச்சரைப் பிடித்து எட்டடிப் பலகையில் நீளத்துக்கு ஒரு காடி வெட்டுவித்துக் கொண்டுவந்தார். ஒரு முனைக்கு நாலைந்து அங்குலக் கட்டை வைத்து உயர்த்தினார். யாரோ ஒருவனின் தங்கையின் சலங்கையிலிருந்து கழற்றிய நாலு மணிகளை, குண்டு போகும்போது உரசும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டார். 15, 60, 135, 240 சென்ரிமீற்றரில் ஒவ்வொன்று. லொறி பெயரிங்கிலிருந்து எடுத்த உருக்குக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றார்.

மணிகள் ஒவ்வொரு செக்கனுக்கு ஒருதரம் போல ஒரே தாளத்தில் கேட்டன. கண்ணைத் திறந்து பார்த்தால் இடைவெளி 15, 45, 75, 105 என்று கூடிக்கொண்டே போகிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. கலிலியோ சாய்தளத்தில் கண்டுபிடித்த கணக்கு, எங்கள் காதுக்குள் அப்படியே இறங்கிவிட்டது. அன்றைக்கு முழுக்கப் போளையை எந்தச் சரிவில் கண்டாலும் உருட்டிவிட்டுக்கொண்டு திரிந்தோம்.

அப்புறம் எல்லாம் சிதறிப்போய், 1998இல் மாமி வீட்டுக்குப் போக நியூயோர்க் பஸ் நிலையத்தில் இறங்கினேன். 42ஆம் தெருப் பக்கத்து நிலையம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பிப் பாதைகளில் பந்துகள் ஓடிக்கொண்டிருந்தன, சுழன்றன, விழுந்தன, எங்கேயோ மணி அடித்தது. ஜோர்ஜ் றோட்ஸ் என்ற அமெரிக்கச் சிற்பி செய்தது, 1983இல் வைத்தார்கள். அந்த ஆண்டு என்றால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். அவர் முதலில் ஓவியர், 2021இல் 95 வயதில் காலமாகும் வரைக்கும் இந்தத் துறைக்கே பெரியவர். போஸ்ரன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் அவருடைய உயரமான ஒன்று நிற்கிறது, பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பஸ் நிலையத்தில் நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குக் கேட்டது சேருடைய சலங்கைதான்.

சொந்தமாகச் செய்யத் தொடங்கியது பிள்ளைகள் வளர்ந்த பிறகு. 3 மில்லிமீற்றர் கம்பி, 16 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு. ஒரு குண்டு 16 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கம்பியைச் சம தூரத்தில் வைத்து, கீழே வளையத் துண்டுகளால் ஒட்டிக்கொண்டே போகவேண்டும். நூறு சென்ரிமீற்றருக்கு நாலைந்து சென்ரிமீற்றர் இறக்கம் போதும், வளைவில் வெளிக் கம்பியை உயர்த்தவேண்டும். மேலே தூக்குவதற்கு 12 வோல்ற் மோட்டரில் சுற்றும் சைக்கிள் செயின். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு எங்கள் ஊர்க் கிணற்றுத் துலா மாதிரியே வேலை செய்யும்: ஒரு முனைக் கிண்ணத்தில் மூன்று குண்டு சேரும்வரை அசையாது, மூன்றாவது விழுந்ததும் தாழ்ந்து மூன்றையும் கொட்டிவிட்டு மெல்ல எழும்பும்.

குண்டு தலைகீழாகப் போய்ச் சுற்றிவரும் வட்டச் சுற்றுத்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. ஆரை 10 சென்ரிமீற்றர். உயர்தரப் பாடத்தில் வழுக்கும் துணிக்கைக்கு ஆரையின் இரண்டரை மடங்கு உயரம் என்று படித்தோமே, அதன்படி 25இலிருந்து விட்டேன், உச்சியில் கழன்று விழுந்தது. உருளும் பந்து சுழலவும் சக்தி வேணும், அதனால் 2.7 மடங்கு என்று திருத்தி 27இல் விட்டேன், அதுவும் விழுந்தது. இரவு முழுக்க யோசித்தபோதுதான் பிடிபட்டது. குண்டு தட்டையான தளத்தில் ஓடவில்லை, இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கி ஓடுகிறது. தொடும் புள்ளிகள் 12 மில்லிமீற்றர் தள்ளியிருந்தால் அது உருளும் ஆரை 8 மில்லிமீற்றர் இல்லை, வெறும் 5.3. அதே வேகத்துக்கு இன்னும் கூடச் சுழலவேண்டும். கணக்குப் போட்டால் 2.96 மடங்கு வருகிறது. உராய்வுக்கும் சேர்த்து 33இல் விட்டேன், சுற்றி வந்தது. விடியச்சாமம் நாலரைக்கு மனிசியை எழுப்பிக் காட்டினேன்.

இந்த மார்கழிக்கு ஊருக்குப் போகும்போது நம் ஆய்வுகூடத்துக்கு ஒன்று கொண்டுபோகிறேன். பாதைகளைக் குழாய்த் துண்டுகளால் கொழுவிக் கழற்றலாம், பெட்டிக்குள் அடங்கும். கடைசிப் பாதை நேராக எட்டடி, அதில் நாலு சலங்கை மணி.

சேருக்கு இப்போது பார்வை நன்றாக மங்கிவிட்டது. போன கிழமை வட்சப்பில் கூப்பிட்டு, போனை மணிகளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குண்டை விட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னொருக்கால் விடச் சொன்னார். அப்புறம் சொன்னார், "தம்பி, மூன்றாவது மணி கொஞ்சம் பிந்துது."

நாடாவைப் போட்டு அளந்தேன். 135இல் இருக்கவேண்டியது 139இல் இருந்தது.