நான்கெல்லைக்குள் இருக்கும் முன்னோர்

காகிதத்தில் ஐந்து தலைமுறை, பெரியவர்களின் வாய்மொழியில் இன்னும் இரண்டு தலைமுறை: திருமங்கலம் தாலுகாவின் கரிசல் ஊர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக மதுரைக்கு வந்து தங்கிவிட்ட எங்கள் வகையறாவைப் பற்றி இதுவரை இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. கல்யாண வீடுகளில் பங்காளிகள் இதைக் கேட்டுச் சற்று ஏமாற்றம் அடைகிறார்கள்; பாண்டியர் காலம் வரைக்கும், குறைந்தது திருமலை நாயக்கர் காலம் வரைக்குமாவது போயிருக்கலாமே என்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால், மதுரைச் சீமையில் ஒரு குடியானவர் குடும்பத்தைப் பற்றிய எழுத்து எங்கே இருக்கும், எதனால் அங்கே இருக்கும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பது தெரிந்தால், ஐந்து தலைமுறை என்பதே பெரிய சொத்து என்று விளங்கிவிடும். இங்கே அரசாங்கத்தின் எழுத்து எப்போதும் நிலத்தின் பின்னாலேயே போயிருக்கிறது. நிலத்தை ஒட்டி வாழ்ந்தவர்களின் பெயரும் அதனோடு வந்துவிட்டது. மற்றவர்களை வேறு இடங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பலரும் முதலில் தேடுவது பிறப்புப் பதிவைத்தான். நாடு முழுவதற்கும் பொதுவாகப் பிறப்பு, இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்பு 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இருந்தது. கிராமங்களில் அந்தப் பதிவேட்டைக் கிராம முன்சீப் வைத்திருந்தார். 1980-இல் முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்கர்) ஆகிய பதவிகள் ஒழிக்கப்பட்டன. வீட்டில் வைத்திருந்த பழைய கணக்குகளில் எவை பத்திரமாகக் கைமாறின என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. கிடைத்தாலும், பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே எழுதிய பதிவாக அது இருக்கும்: தகப்பன் பெயர், தாய் பெயர், ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்பதோடு முடிந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நமக்கு உதவாது. இங்கிலாந்தில் 1841 முதல் வீடு வீடாக எழுதிய கணக்கெடுப்புத் தாள்களை இன்றும் பார்க்க முடியும். நம் நாட்டில் கூட்டுத்தொகைகள் மட்டுமே அச்சாகி நின்றன, அந்தக் காலத்துத் தனிமனிதர் தாள்கள் காக்கப்படவில்லை.

ஆகவே நாம் போக வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். 1860-களின் நடுவில் தொடங்கிய பத்திரப் பதிவில், அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் எல்லாம் ஒன்றாம் புத்தகம் என்ற வரிசையில் நகலெடுக்கப்பட்டு, நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும் என்பது விதி. இணையத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதலான வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல், எளிதாகக் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணைகளைத் தேடச் சொல்ல வேண்டும். அட்டவணைகளில் ஒன்று ஆட்களின் பெயரால் அமைந்தது, இன்னொன்று சொத்தால் அமைந்தது. முன்னோரைத் தேடுகிறவர் பெயர் அட்டவணையைத்தான் கேட்க வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டாலும் வழி திறப்பது அதில்தான்.

எங்கள் தகரப் பெட்டியில் 1911-ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. என் பாட்டனாரின் தகப்பனார் இரண்டு குறுக்கம் புஞ்சையை விற்றபோது எழுதிக் கொடுத்தது. முதல் வரியிலேயே வாங்குகிறவர், கொடுக்கிறவர் இருவரின் பெயரும், அவரவர் தகப்பனார் பெயரும், ஊரும், சாதியும், ஜீவனமும் இருப்பதால் ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் முத்தையா மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்தையா என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, தகப்பன் பெயரோடு சேர்ந்த தேதியிட்ட காகிதம் இல்லாமல் யார் எந்தத் தலைமுறை என்று பிரிக்கவே முடியாது.

அந்தப் பத்திரத்தின் உண்மையான பொக்கிஷம் கடைசிப் பகுதியில், சொத்து விவரத்தில் இருக்கிறது. விற்கும் நிலத்துக்கு நான்கெல்லை எழுதும்போது, இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு, இன்னாருடைய பாகத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு என்று எழுதுவார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட நிலத்தில் பக்கத்துக்காரர் என்றால் பெரும்பாலும் பங்காளிதான். எங்கள் பத்திரத்தில் வடக்கு எல்லையாக வருகிறவர் பெயரை வீட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் தகப்பனார் பெயராக எழுதப்பட்டிருப்பது எங்கள் முன்னோர் ஒருவரின் பெயர். அதை வைத்துக்கொண்டு ஊரில் விசாரித்தபோது, கம்பம் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்து எங்களோடு போக்குவரத்தே விட்டுப்போன ஒரு கிளை தெரிய வந்தது. சாட்சிக் கையெழுத்துகளையும் இப்படியே வாசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சாட்சி போட வந்தவர்கள் மாமனோ மச்சானோ சித்தப்பன் மகனோதான்.

பெண்களின் பெயர் இந்தக் காகிதங்களில் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தபோது எனக்கு மனம் கனத்தது. பழைய பத்திரங்களில் ஒரு பெண் பெயரோடு தோன்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் அவள் விதவையாகி, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. என் பாட்டியின் மாமியார் பெயர் எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பாகப்பிரிவினையிலும் விடுதலைப் பத்திரத்திலும் மகள்கள் பெயர் வரிசையாக வரத் தொடங்கிவிட்டது. பங்கை விட்டுக்கொடுத்துத்தான் பல அத்தைகள் ஆவணத்துக்குள் நுழைந்தார்கள் என்றாலும், பெயரும் கட்டிக்கொடுத்த ஊரும் அங்கே நிலைத்துவிட்டன. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் இதே காரணத்துக்காகக் காப்பாற்ற வேண்டிய காகிதம்.

பத்திரத்துக்கும் முந்தைய படி வருவாய்க் கணக்கு. அதில் வருவது பசலி ஆண்டு. ஜூலையில் தொடங்கும், 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அரசாங்கம் குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி ஊர் என்றால் செட்டில்மென்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்கும். கோயில் மானியம், ஊழிய மானியம் அனுபவித்த குடும்பங்களுக்கு 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. மானியம் யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன முறை என்று அதில் விசாரித்து எழுதியிருப்பதால், வம்சம் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல அரசாங்கக் காகிதம் கிடையாது என்பது என் கருத்து. இவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைச் சேர்ந்த ஊர்களின் நிலை வேறு: 1803-இல் நிரந்தரத் தீர்வை செய்யப்பட்டதிலிருந்து 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை, குடிகள் ஒவ்வொருவரின் கணக்கும் ஜமீன் கச்சேரிக்குள்ளேயே இருந்தது.

காலம் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பெரியவர்கள் தாது வருஷத்தில் ஊரை விட்டு வந்தோம் என்று சொல்வார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. கஞ்சித் தொட்டியைப் பற்றியும், மாடுகள் எல்லாம் செத்துப்போனதைப் பற்றியும் அந்தக் கதையில் வருவதால், அது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத்தான் குறிக்க வேண்டும். இந்தச் சீமையில் பல குடும்பங்களின் நினைவு அந்தப் பஞ்சத்தோடுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஊரை விட்டு வந்தபோது, ஓலையில் எழுதிய ஜாதகம் போன்றவற்றை யார் சுமந்துகொண்டு வந்திருப்பார்கள்?

நிலமே இல்லாதவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. சேசு சபையார் 1838-இல் மதுரை மறைப்பணியை மீண்டும் தொடங்கியதற்குப் பிந்தைய ஞானஸ்நானப் பதிவேடுகள், தாய் தந்தை பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரையும் வைத்திருக்கின்றன. ஒரு செண்டு நிலம்கூட இல்லாத குடும்பத்துக்கு, நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கிடைப்பதைவிடப் பழைய எழுத்து கிறிஸ்தவப் பங்குக் கோயிலில் கிடைத்துவிடுவதை நான் மகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறேன். பள்ளிவாசல்களில் நிக்காஹ் தப்தர் இருக்கிறது. நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் திருமணத்தைப் பதிந்து, புள்ளி என்ற குடும்பக் கணக்கை வைத்துக்கொள்ளும் ஒழுங்கைப் பார்த்தால், மற்றவர்களும் இதைச் செய்திருக்கக்கூடாதா என்று தோன்றும்.

வேதனை தரும் பதிவேடுகளும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர் குடும்பங்களின் ஆண்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்கச் சொல்லி, பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் எழுதினார்கள். அந்த ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிர் இழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் பெயர் எழுதப்பட்டதே அவமானப்படுத்துவதற்காக என்றாலும், அந்தப் பெயர்களைத் தேடி எடுத்து மரியாதையோடு வம்சத்தில் சேர்க்கும் உரிமை பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. கடல் கடந்து போனவர்களும் அப்படியே. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய 1,52,000-க்கும் மேற்பட்டோரின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. இங்கே ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லாதபோது, பிரிந்துபோன தம்பியைப் பற்றி இவ்வளவும் இருக்கிறது.

இத்தனை அலுவலகங்களையும் விட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது வீட்டிலிருக்கும் மொய் நோட்டு. செய்முறை திருப்பிச் செய்ய வேண்டியது என்பதால், எங்கள் பக்கத்தில் மொய் நோட்டை யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. அதில் கொண்டான் கொடுத்தான் உறவெல்லாம் ஊர்ப் பெயரோடு வந்துவிடுகிறது. எந்தப் பத்திரத்திலும் இல்லாத தாய்வழியைக் காட்டுவது இந்த நோட்டுதான். ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகளும் இதைப் போலவே: ஒரு பெயர் எந்த ஆண்டில் புதிதாகச் சேர்கிறதோ, ஏறக்குறைய அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகித் தனிக் குடித்தனம் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்; எந்த ஆண்டில் விடுபடுகிறதோ, அப்போது அவர் இறந்தாரா ஊரை விட்டுப் போனாரா என்று விசாரிக்கலாம்.

1952-இல் நடந்த என் பாட்டனாரின் கல்யாண மொய் நோட்டில், தாய்மாமன் வரிசையில் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயருக்கு முன்னால் ஆண்டிபட்டி என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஆண்டிபட்டி என்றால் எல்லோரும் தேனிப் பக்கம் இருக்கும் ஆண்டிபட்டி என்றே சொல்வார்கள், குடும்பத்திலும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் மொய் எழுதுகிறவர் ஆட்கள் வந்து நின்ற வரிசையில் எழுதிக்கொண்டு போகிறார், ஒரே வண்டியில் வந்தவர்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அந்தப் பெயருக்கு மேலே இரண்டு வரி சோழவந்தான், கீழே ஒரு வரி வாடிப்பட்டி, அதற்கும் கீழே குருவித்துறை. எல்லாமே சோழவந்தான் பக்கத்து ஊர்கள். வாடிப்பட்டிக்குப் பக்கத்திலும் ஓர் ஆண்டிபட்டி இருக்கிறது.

காகிதத்தைத் தாண்டினால் குலதெய்வம்தான் துணை. மாசிச் சிவராத்திரிக்கு எங்கே கூடுகிறோம் என்பது மட்டும் போதாது. அந்தக் கோயிலுக்குப் பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பூசாரியிடம் கேட்க வேண்டும். குடிபெயர்ந்தவர்கள் மூலக் கோயிலின் மண்ணை ஒரு பிடி எடுத்துவந்து புதிய ஊரில் சாமியை நிறுத்தியதால், பிடிமண் வந்த வழியே ஆட்கள் வந்த வழி என்று பெரும்பாலும் நம்பலாம். எங்களுக்கு வாய்மொழியில் கிடைத்த இரண்டு தலைமுறையும் அந்தக் கதையிலிருந்து வந்தவை.

அதற்கும் அப்பால் இருப்பது எங்கள் குடும்பத்தின் வரலாறு என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. பாளையக்காரர்களுக்கு வம்சாவளிகள் எழுதப்பட்டன. கோயில் கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர் பெயர் நிற்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தில் எடுத்த மரபணு மாதிரியில், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக மிகப் பழங்காலத்தில் வந்தவர்களின் தடயமான எம்130 என்ற குறியீடு கிடைத்தது. இவை எல்லாம் இந்த மண்ணின் வரலாறு. அவற்றிலிருந்து என் ஐந்தாம் தலைமுறைப் பாட்டன் வரை வந்து சேரும் பெயர்ச் சங்கிலி எங்கும் எழுதப்படவில்லை. இடைவெளியைக் கற்பனையால் நிரப்பி, ஏதோ ஓர் அரசரோடு முடிச்சுப் போட்டு அச்சிடும் குடும்ப மலர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக, நான்கெல்லையில் நின்ற உண்மையான பெயர்கள் விடுபட்டுப்போகின்றன.

பாட்டியின் தகப்பனார் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் எனக்கு இப்போது தெரியும். வாடிப்பட்டிப் பக்கத்து நிலங்களுக்கான பழைய பெயர் அட்டவணையில், 1920 முதல் 1950 வரை அந்த இரண்டு பெயர்களையும் தேடித் தரும்படி மனு எழுதி வைத்திருக்கிறேன். கூடவே, அத்தைமார் வீடுகளில் இருக்கும் மொய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகிறேன். முதல் பக்கத்திலிருக்கும் கல்யாணத் தேதியும், பெயர்கள் நின்ற வரிசையும் மாறாமல்.