குழம்பு கெட்டுப்போன நாளும் நெட் மொழியியலும்

போன வாரம் நெட் முடிவு வந்தது. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வு, என் பாடம் மொழியியல். மூன்றாவது முயற்சி. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஆராய்ச்சிக்கான உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், நான்கு மார்க்கில் போய்விட்டது. இரண்டே கேள்வி! அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

நான் வாணியம்பாடிக்காரன். எம்.ஏ. மொழியியல் படித்தது குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில். 1997இல் ஆந்திர அரசு தொடங்கியது. தமிழ்நாடு ஒரு பக்கம், கர்நாடகம் ஒரு பக்கம். டீக்கடையில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், நாம் திணறினால் அதே ஆள் தமிழுக்குத் தாவிவிடுவார். இரண்டு வருடம் இதை வேடிக்கை பார்த்தேனே தவிர, இதுதான் பாடம் என்று உறைக்கவில்லை. முதல் இரண்டு முறையும், ஒரே சொல் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் எப்படி மாறுகிறது என்று காட்டும் ஒலி மாற்ற அட்டவணைகளைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் எல்லாம் குழம்பிப்போனது.

அப்புறம் ஒருநாள், அம்மா கட்டித் தந்த புளிக்குழம்பை விடுதி அறையில் திறந்தேன். குப்பென்று வாடை. ‘கெட்டுப்போச்சுடா’ என்றேன். குப்பத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘செடிபோயிந்தி’ என்றான். கோலார்க்காரன் ‘கெட்டுஹோய்த்து’ என்றான். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சுவரில் ஒட்டியிருந்தது மொத்தமும் அந்த மூன்று சொல்லில் இருந்தது.

இ, எ முன்னால் வரும் ககரம் தெலுங்கில் சகரமாகும். தமிழிலும் ஆகும், ஆனால் அடுத்து ட, ண, ள, ழ போன்ற வளைநா ஒலி (நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் ஒலி) வந்தால் ஆகாது. அதனால்தான் நமக்குக் கெடு, கிளி. அவனுக்குச் செடு, சிலுக. தடை இல்லாத இடத்தில் நமக்கும் செவி, தெலுங்குக்கும் செவி, கன்னடத்துக்கு மட்டும் கிவி. பகரம் கன்னடத்தில் ஹகரமாவதற்கு அந்த ‘ஹோய்த்து’வே சாட்சி. பால், ஹாலு, பல், ஹல்லு. அன்று சுவர்த்தாளைக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு மெஸ்ஸில் தட்டு வைத்தவுடன் ஆளுக்கொரு சொல்தான். சொல்லின் முதலில் ஒலிகள் இடம் மாறுவதற்குத் தமிழ் உரல், தெலுங்கு ரோலு. அவன், வாடு. இந்தமுறை அந்தப் பகுதியில் ஒரு கேள்விக்குக்கூட நான் யோசிக்கவில்லை.

இனி சுருக்கமாக:

- பக்கத்து மொழிக்காரனோடு சாப்பிடுங்கள். திராவிட ஒப்பியலுக்கு, அதாவது திராவிட மொழிகளை ஒப்பிட்டுப் படிப்பதற்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.
- திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் எழுதிய 1816, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்த 1856 மாதிரி வருடங்களுக்குக் குறுக்குவழி இல்லை. உருப்போட வேண்டியதுதான்.
- தனியாக, அமைதியாகப் படிக்கிற ஆள் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்கு ஆகாது. எனக்கு வாய் ஓயாமல் பேசினால்தான் மண்டையில் ஏறும்.
- எல்லாப் பாடத்துக்கும் பொதுவான முதல் தாளில், அட்டவணையைப் பார்த்துப் போடும் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசி வரியை நான் மூன்று முறை சொல்ல வேண்டும். ஐந்து கேள்வி, பத்து மார்க். ‘பிறகு பார்ப்போம்’ என்று நகர்ந்தேன். திரும்பி வந்தபோது ஒரு நிமிடம்கூட இல்லை. நெகடிவ் மார்க் கிடையாதே என்று ஐந்துக்கும் மூன்றாவது விடையை அமுக்கினேன். ஒன்று சரி.

அடுத்தமுறை ஜேஆர்எஃப்புக்காக மறுபடி எழுதுகிறேன். பத்தாவது படிக்கும் மாமா பையன் சதவீதக் கணக்கு சொல்லித் தருகிறான். திட்டுகிறான், ஆனால் நன்றாகச் சொல்லித் தருகிறான்.