ஒரு குமிழி

பாட்டில கவுத்து விரலால தட்டுனா குட்டியா ஒரு குமிழி மேல ஓடுது. போச்சு, தண்ணிய திரும்ப எடுக்கணும்.

பெட்ரோல் பங்க் ஓரத்துல கண்காணிப்புக் கிணறு; டேங்க்ல இருந்து கசிஞ்ச பெட்ரோல் நிலத்தடி நீர்ல கலந்திருக்கான்னு பாக்க இதுலருந்துதான் தண்ணி எடுக்கறேன். கிணறுன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, தரையோட தரையா ஒரு மூடி, அதுக்குக் கீழ ரெண்டு இன்ச் பிவிசி பைப், அவ்ளோதான்.

வேடிக்கை பாத்துட்டு இருந்த பங்க் தம்பி, "அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டான்.

அதான் பிரச்சனையே. பெட்ரோல்ல இருக்கற பென்சீன்ங்கற நச்சு தண்ணில கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. குடிதண்ணில லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, அதாவது ஒரு கிராம்ல லட்சத்துல ஒரு பங்கு. இந்த 40 மில்லி பாட்டில்ல துளி காத்து இருந்தா பென்சீன் நைசா அதுக்குள்ள ஏறிக்கும், லேப் ரிப்போர்ட்ல அளவு கம்மியா வரும், நாமளும் சந்தோஷமா நம்பிடுவோம்.

ஒரு தடவை க்ளீன்னு வந்தாலும் நம்ப முடியாது. கசிஞ்ச பெட்ரோல் தண்ணிக்கு மேல மெதக்கும், நீர்மட்டம் இறங்குனா கூடவே இறங்கி மண்ணுல ஒட்டிக்கும், மட்டம் ஏறுனா கொஞ்சம் தண்ணிக்கு அடியிலயே மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா கரைஞ்சுட்டே இருக்கும். ஓட்டை டேங்க்க எடுத்துப் போட்டாலும் இது போகாது.

கசியறதுக்கு ஒரு சின்ன ஓட்டை போதும், கசிஞ்சது போயிடுச்சான்னு பாக்க எத்தனை வருஷம்!

மூணாவது பாட்டில்ல குமிழி இல்ல. ஐஸ் பெட்டில வச்சாச்சு. இன்னும் நாலு கிணறு இருக்கு.