பியானோ பட்டயத் தேர்வுக்கு அல்பேனிஸைப் படித்த அனுபவம்

நான் எழுதிய பட்டயத் தேர்வில், வாசிக்கப்போகும் படைப்புகளைப் பற்றிய குறிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; வாசித்து முடித்ததும் தேர்வாளர் அதிலிருந்து கேள்வி கேட்பார். என் பட்டியலில் ஸ்பானிய இசையமைப்பாளர் இசாக் அல்பேனிஸின் 'அஸ்துரியாஸ்' இருந்தது. ஸ்பெயினின் வடக்கே உள்ள அஸ்துரியாஸ் மலைகளின் மூடுபனியை அது சித்தரிக்கிறது என்று முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்தப் பெயரை வைத்தது யார் என்று பார்த்துவிட்டு வா" என்றார்.

1890களில் வெளியானபோது அதற்கு 'முன்னிசை' என்பதே பெயர். 1909இல் அல்பேனிஸ் மறைந்த பின்னரே பதிப்பாளர் அதை 'ஸ்பானியத் தொகுப்பு' என்ற வேறொரு வரிசையில் சேர்த்து, இன்றைய பெயரைச் சூட்டினார். இசையோ முழுக்க ஸ்பெயினின் தெற்கே உள்ள ஆண்டலூசியாவின் ஃபிளமெங்கோ மணம் கொண்டது; பாடலும் கிட்டாரும் நடனமும் இணைந்த மரபு அது.

இதை அறிந்த பிறகு என் வாசிப்பே மாறியது. தொடக்கத்தில் வலக்கை 'டி' ஸ்வரத்தையே விடாமல் தட்ட, இடக்கை மெட்டை நகர்த்துகிறது. கிட்டார் கலைஞரின் கட்டைவிரல் மெட்டை மீட்ட, மற்றொரு விரல் ஒரே தந்தியை அதிரவைப்பதைப் போன்றது அது. பனிமூட்டம் என்று எண்ணி நான் அழுத்திவைத்திருந்த, ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் ஒவ்வொரு ஸ்வரமும் தெறித்து விழுந்தது. நடுப்பகுதியில் இரு கைகளும் விலகி நின்று ஒரே மெட்டை இசைக்கும் இடம் தனிக்குரல் பாடகரின் விருத்தம் போன்றது. அங்கே தாளத்தை எண்ணாமல் மூச்சை எண்ணுங்கள்.

அல்பேனிஸின் வாழ்க்கை வரலாற்றிலும் இதே எச்சரிக்கை தேவை. சிறுவயதில் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா சென்றார் என்ற கதை சுவையானதுதான். ஆனால் சுங்க அதிகாரியான அவருடைய தந்தை 1875இல் கியூபாவின் ஹவானாவுக்கு மாற்றலானதே அந்தப் பயணத்தின் பின்னணி. 1880இல் புடாபெஸ்டில் புகழ்பெற்ற ஹங்கேரியப் பியானோ கலைஞர் லிஸ்டைச் சந்தித்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருந்தாலும், லிஸ்ட் அப்போது அந்த நகரில் இல்லை.

மாறாக, 1883 வாக்கில் பார்சிலோனாவில் இசையமைப்பாளரும் இசை ஆய்வாளருமான ஃபெலிப் பெட்ரெலைச் சந்தித்து, ஸ்பானிய நாட்டாரிசையின் பக்கம் திரும்பியதை விரிவாகப் படியுங்கள். சிறுநீரக நோயோடு போராடியபடி 1905 முதல் 1908 வரை எழுதிய 'ஐபீரியா' என்ற பியானோ தொகுப்பின் 12 படைப்புகளையும் கேளுங்கள். அவற்றில் 'எல் அல்பைசின்' கட்டாயம்: மாறி மாறித் தட்டும் கைகள், பிறகு இணைந்தொலிக்கும் தனிமெட்டு என 'அஸ்துரியாஸ்' கையாண்ட அதே இரு உத்திகளும் அங்கே முதிர்ந்து நிற்கின்றன. தேர்வாளர் என்னிடம் நெடுநேரம் பேசியது இந்த ஒப்புமையைப் பற்றித்தான்.