ராலியில் புது அபார்ட்மென்ட் எல்லாம் ஏன் ஒரே உயரத்தில் நிற்கின்றன?

வட கரோலினாவின் தலைநகரான ராலியில் 2010 கணக்கெடுப்பின்படி 4,03,892 பேர். 2020இல் 4,67,665. இவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் என்று கிளென்வுட் சவுத், நார்த் ஹில்ஸ், ஹில்ஸ்பரோ ஸ்ட்ரீட் பக்கம் எழுந்திருக்கும் அபார்ட்மென்ட்களை வரிசையாகப் பார்த்தால் பெயர்ப்பலகையைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆர்க்கிடெக்டுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று திட்டுவது சுலபம். அவர் பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே கட்டட விதித்தொகுப்பும், காரின் அளவும், கடனுக்கான வட்டியும் முக்கால்வாசிப் படத்தை வரைந்துவிடுகின்றன.

கீழே ஒன்றோ இரண்டோ தளம் காங்கிரீட். அதற்கு மேல் ஐந்து தளம் மரச்சட்டம். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஃபைவ் ஓவர் ஒன்’, ‘ஃபைவ் ஓவர் டூ’ என்பார்கள். காங்கிரீட் பகுதிக்குப் பெயர் போடியம். போடியத்தின் மேல் ஸ்லாப் மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும்படி இருந்தால், அதற்கு மேலே இருப்பதைத் தனிக் கட்டடமாக எண்ண விதி அனுமதிக்கிறது. மரத் தளங்களின் எண்ணிக்கை அந்த ஸ்லாபிலிருந்துதான் தொடங்கும். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டடம் முழுக்க இருந்தால், 5ஏ எனப்படும் சாதாரண மர வகைக்கு நான்கு தளம், 70 அடிதான் வரம்பு. 3ஏ வகைக்கு ஐந்து தளம், 85 அடி. ஆனால் வெளிச்சுவரில் தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிய மரம்தான் போடவேண்டும். உயரத்தை மட்டும் ஸ்லாபிலிருந்து அல்ல, தரையிலிருந்தே அளப்பார்கள். போடியம் ஒரு தளத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்த கட்டுப்பாட்டை 2015ஆம் ஆண்டு சர்வதேச கட்டட விதித்தொகுப்பு எடுத்துவிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டதுதான் வட கரோலினாவின் 2018 பதிப்பு. ஆக ஐந்தும் இரண்டும் ஏழு.

ஏழோடு ஏன் நிற்கவேண்டும்? தீயணைப்பு வண்டி நிற்கும் தரையிலிருந்து ஆட்கள் புழங்கும் கடைசித் தளத்தின் தரை 75 அடியைத் தாண்டிவிட்டால் அது ‘ஹை ரைஸ்’. படிக்கட்டில் புகை நுழையாமல் காற்றழுத்தம், ஜெனரேட்டர், தீயணைப்பு வீரர்களுக்குத் தனிக் கட்டுப்பாட்டு அறை என்று செலவு ஒரே தாவாகத் தாவும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழே கடைகளுக்கு 16 அடி, இரண்டாம் தளம் 11 அடி, ஆக 27. அதற்கு மேல் தளத்துக்குப் பத்தரை அடி வைத்தால் ஏழாம் தளத்தின் தரை 69 அடியில் வரும். கூரை 79½ அடி. இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கிவிட்டது. எட்டாவது தளம் வேண்டுமென்றால் மரத்தை விட்டுவிட்டு முழுக்கக் காங்கிரீட்டுக்கோ இரும்புக்கோ போகவேண்டும். அந்தக் கூடுதல் செலவை ஒரே ஒரு தளத்தின் வாடகை ஈடுகட்டாது. பதினைந்து, இருபது தளம் போனால்தான் கட்டுப்படியாகும். 12 தளத்துக்கு அனுமதியுள்ள மனையிலும் ஏழு தளக் கட்டடம் வருவதற்கு இதுதான் காரணம்.

மரத்தில் கட்டுவதற்கென்று ஒரு தலைவலி உண்டு: அது சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. குறுக்குவாக்கில், ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் சுமார் கால் சதவீதம். 19 சதவீத ஈரத்தோடு வரும் மரம் ஏசி ஓடும் கட்டடத்தில் 9 சதவீதத்துக்கு இறங்கினால் இரண்டரை சதவீதச் சுருக்கம். ஒரு தளத்தில் சுவருக்குக் கீழே ஒரு பிளேட் (படுக்கவைத்த மரக்கட்டை), மேலே இரண்டு, மூன்றும் சேர்ந்து நாலரை அங்குலம். தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் 11¼ அங்குலம். மொத்தம் 15¾ அங்குலத்தில் சுருக்கம் 0.39. ஐந்து தளத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம்! ஜாய்ஸ்டுக்குப் பதில், சிறு கட்டைகளைக் கோத்துச் செய்யும் ஃப்ளோர் டிரஸ் போட்டால் குறுக்குவாக்கில் கிடப்பது மேலும் கீழுமாக ஒன்றரை அங்குலக் கட்டைகள் இரண்டுதான். மொத்தச் சுருக்கம் ஒரு அங்குலத்துக்குள் நிற்கும். ராலியின் கோடை இடிமழையில் சட்டங்கள் நனைந்து, காயும் முன்பே ஜிப்சம் பலகை அடித்து மூடிவிட்டால் 19 என்ற தொடக்கக் கணக்கே தப்பு.

சுருங்குவதால் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் பக்கத்தில் சுருங்காமல் நிற்பவற்றோடுதான் தகராறு. போடியத்தின் மேல் எழுப்பிய செங்கல் முகப்பு அசையாது; மரச்சுவரில் பொருத்திய ஜன்னல் கீழே இறங்கும். ஜன்னலின் அடிக்கட்டைக்குக் கீழே இடைவெளி விடவேண்டும், அதுவும் மேலே போகப் போகக் கூடுதலாக. எல்லாத் தளத்திலும் ஒரே அளவு விட்டால் மேல் தளத்து ஜன்னல் செங்கல்லில் உட்கார்ந்து உள்பக்கம் சாய்ந்து, மழைநீரைச் சுவருக்குள் அனுப்பும். கழிவுநீர்க் குழாயிலும் இதே கதைதான்: நிலைக்குழாய் நின்ற இடத்தில் நிற்க, தரை இறங்கினால், அடிக்குக் கால் அங்குலச் சரிவோடு போட்ட கிளைக்குழாயின் வாட்டம் திரும்பிவிடும். காங்கிரீட் பிளாக்கில் கட்டிய லிஃப்ட் கூண்டும் அசையாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து மேல் தளத்தில் லிஃப்ட் வாசலில் கால் இடறுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. புயல்காற்று கட்டடத்தைத் தூக்காமல் இருக்க, போடியத்திலிருந்து மேலே வரைக்கும் இரும்புக் கம்பிகள் ஓடும். மரம் இறங்கினால் நட் தளரும் என்பதால், தானாக இறுகும் கருவியைத் தளத்துக்குத் தளம் பொருத்துவார்கள். அதன் பூட்டுமுள்ளைப் பிடுங்காமலேயே சுவரை மூடிவிடுவது இந்தத் தொழிலில் பழகிப்போன தவறு.

தீயைப் பற்றிச் சொல்லாமல் ராலியைப் பற்றி எழுத முடியாது. 2017 மார்ச் 16 இரவு டவுன்டவுனில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து தள மர அபார்ட்மென்ட் முழுக்க எரிந்து, கிரேன் சரிந்து, அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் சேதமாயின. முடிந்த கட்டடத்தில் ஜிப்சம் பலகையும் ஸ்பிரிங்க்ளரும் மரத்தைக் காக்கும். சட்டம் எழும்பி இவை இரண்டும் வராத அந்தச் சில மாதங்கள்தான் ஆபத்து. கட்டடம் 40 அடியை எட்டும் முன்பே தீயணைப்புக் குழாய் உள்ளே தயாராக இருக்கவேண்டும் என்பது விதி. பக்கத்தில் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தால் அந்தக் குழாய் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள், வெளியிலிருந்தே தெரியும்.

கார் விஷயம். அபார்ட்மென்ட்டுக்கு இத்தனை பார்க்கிங் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை ராலி கவுன்சில் 2022இல் நகரம் முழுக்க நீக்கியது. அதற்காகப் பார்க்கிங் காரேஜ் கட்டுவதை யாரும் நிறுத்திவிடவில்லை. கார் இல்லாமல் பாலுக்குக்கூடப் போகமுடியாத இடங்கள் நகரத்தில் ஏராளம், கடன் கொடுப்பவருக்கும் அது தெரியும். ஒரு கார் நிற்க 18 அடி, நடுப்பாதை 24, எதிர்வரிசை 18: அறுபது அடி. சாய்தளத்தோடு சேர்த்து இரண்டு பட்டை, 120 அடி. அதைச் சுற்றி, நடுவில் தாழ்வாரமும் இருபுறம் வீடும் என்று 65 அடி அகலத்தில் ஒரு வளையம். காரேஜுக்கும் வீட்டுக்கும் இடையில் சந்து விட்டால் மொத்தம் 260 அடிக்கு மேல். 1792இல் வில்லியம் கிறிஸ்மஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஒரு மனை ஒரு ஏக்கர், அதாவது பக்கத்துக்குச் சுமார் 209 அடி. ஒரு மனையில் இந்த அமைப்பு உட்காராது. இரண்டு மூன்று உரிமையாளர்களிடம் நிலம் வாங்கிச் சேர்த்தாகவேண்டும். பழைய சின்னச் சின்னக் கடைகள் கூட்டமாகக் காணாமல் போவது இப்படித்தான். சிறு மனைக்குப் பொருந்தும் சிறு கட்டடம் கட்டலாமே என்றால், இரண்டு படிக்கட்டு விதி குறுக்கே வரும். நான்காம் தளத்துக்குப் போனாலே இரண்டு படிக்கட்டும் அவற்றை இணைக்கும் தாழ்வாரமும் கட்டாயம்.

பணக் கணக்கு இன்னும் கறார். ஒரு வீட்டுக்கு நிலம், கட்டுமானம், கட்டணம் எல்லாம் சேர்த்து 3 லட்சம் டாலர் என்று எடுத்துக்காட்டுக்கு வைப்போம். முதலீட்டாளர் 5.5 சதவீத வருமானம் போதும் என்றால் வருடத்துக்கு 16,500 டாலர் மிஞ்சவேண்டும். வரி, காப்பீடு, பராமரிப்புக்கு வசூலில் 35 சதவீதமும், காலியாகக் கிடப்பதற்கு 5 சதவீதமும் கழித்தால் மாத வாடகை சுமார் 2,230 வரும். வட்டி ஏறியபின் அவரே 6.5 சதவீதம் கேட்டால் வாடகை 2,630. செங்கல் ஒன்றும் மாறவில்லை, மாதம் 400 டாலர் ஏறிவிட்டது. சந்தையில் அந்த வாடகை கிடைக்காது என்று தெரிந்தால் வேலி போட்ட மனை புல் முளைத்துக் கிடக்கும். வட்டி குறைவாக இருந்தபோது தொடங்கியவை 2023, 2024இல் ஒரே சமயத்தில் திறந்ததும் ராலியில் வாடகை படுத்தது. புதிதாகத் தொடங்குவதும் குறைந்தது.

வீட்டுக்குப் பக்கத்து மனைக்கு ரீஜோனிங், அதாவது அங்கே என்ன கட்டலாம் என்ற வகையை மாற்றும் நோட்டீஸ் வந்தால் குறியீட்டைப் படிக்கத் தெரியவேண்டும். ‘டிஎக்ஸ்-7-யுஜி-சியு’ என்றால் டவுன்டவுன் கலப்புப் பயன்பாடு, ஏழு தளம், தெருமுகப்பின் வகை, கடைசியில் உரிமையாளர் தாமாகச் சேர்த்த நிபந்தனைகள். அந்த நிபந்தனைகள்தான் உங்களுக்கான இடம். வாடகைக்கு உச்சவரம்பு கேட்டுக் கூட்டத்தில் முழங்குவது வீண். வாடகைக் கட்டுப்பாட்டை மாநிலச் சட்டமே நகரங்களுக்குத் தடுத்திருக்கிறது. வண்டி நுழையும் வாசல் எந்தத் தெருவில், காரேஜின் திறந்த பக்கத்தை எதை வைத்து மறைப்பார்கள், உங்கள் வேலியோரம் கட்டடம் எத்தனை தளம் குறையும், மழைநீர் எங்கே தேங்கி எந்த ஓடைக்குப் போகும், இவற்றைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னது செல்லாது. எழுதி, உரிமையாளர் கையெழுத்திட்டு, கவுன்சில் ஏற்றால்தான் கட்டுப்படுத்தும். ரீஜோனிங் முடிந்தபின், மனையில் கட்டடம் எப்படி அமையும் என்று காட்டும் சைட் பிளானை நகர ஊழியர்களே சரிபார்த்து அனுமதிப்பார்கள். அங்கே வாக்கெடுப்பு கிடையாது, போய் வாதாடிப் பயனும் இல்லை.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மரத் தளத்தில் மேல்வீட்டுக் காலடிச் சத்தத்தை அடக்குவது பலகையின் மேல் ஊற்றும் ஜிப்சம் கலவையும் அதற்கடியில் விரிக்கும் மெத்தையும்தான். கலவை முக்கால் முதல் ஒரு அங்குலம் இருக்கும். மெத்தை இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெரியாத ஏஜென்ட்டாக இருந்தால் மாலை ஏழு மணிக்குப் போய், மேலே ஆள் இருக்கும் வீட்டுக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டாவது, ‘இரண்டு மாதம் இலவசம்’. 1,800 டாலர் வீட்டில் 12 மாதத்துக்கு இரண்டு மாதம் இலவசம் என்றால் உண்மை வாடகை 1,500. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது 1,800. அடுத்த வருட உயர்வு அதன் மேல்தான் ஏறும். ஐந்து சதவீதம் என்று நோட்டீஸ் வந்தால் புது வாடகை 1,890, நீங்கள் கொடுத்துவந்ததைவிட 26 சதவீதம் கூட. கையெழுத்துக்கு முன்பே, இலவச மாதத்துக்குப் பதில் மாத வாடகையையே 1,500 என்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முடியாது என்பார்கள். கடன் கொடுத்தவருக்குக் காட்டும் தாளில் அந்த 1,800 அவர்களுக்கு வேண்டும்.